உப்புச் சாலையும் உங்கள் காரும்: பனி நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பனிப்பொழிவு வரப்போகிறது என்று வானிலை அறிக்கை சொன்ன நாளில் சாலையைக் கவனித்துப் பாருங்கள். காய்ந்து கிடக்கும் தாரின் மேல், வண்டிகள் போகும் திசையிலேயே, ஒரு சாண் இடைவெளியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வரிவரியாக ஓடும். மாநகராட்சியின் தொட்டி லாரி முன்கூட்டியே வந்து உப்புநீர் விட்டுப் போன தடம் அது. பனி இன்னும் விழவே இல்லை. உங்கள் டயர் அதற்குள் உப்பைத் தொட்டுவிட்டது.

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் வழுக்கலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் காரை வருடக்கணக்கில் அரித்துத் தின்பது பனி அல்ல, பனியைக் கரைக்கப் போடும் உப்பு. அந்த உப்பு இல்லாவிட்டாலோ ஒரு சாதாரண வேலைநாளில் வீடு திரும்புவதே பெரும்பாடாகிவிடும். அதனால் உப்பைத் திட்டிப் பயனில்லை. உங்கள் நகரம் என்ன போடுகிறது, அது எந்தக் குளிரில் வேலை செய்யும், காரில் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும். எப்படி ஓட்டுவது, எப்போது கழுவுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

1. சாலையில் என்ன போடுகிறார்கள் என்று அடையாளம் காணுங்கள்

அதிகம் போடுவது கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைடு. சமையலுக்குப் போடும் அதே பொருள்தான். சுத்திகரிக்காதது, கட்டி கட்டியாக இருக்கும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம்தான் 1938-ல் முதன்முதலாகச் சோதனை முறையில் சாலைக்கு உப்புப் போட்டது. அதற்கு முன் பெரும்பாலும் மணலும் சாம்பலும்தான். இன்று கனடாவில் மட்டும் ஒரு குளிர்காலத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு சாலைகளில் கொட்டப்படுகிறது. ஒன்டாரியோ மாகாணத்தின் கோடரிச் ஊரில், ஹியூரான் ஏரியின் அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் இருக்கும் சுரங்கம்தான் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம்.

உப்பு பனியைச் சூடாக்கி உருக்குவதில்லை. தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறையும். நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கலந்த நீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. இது ஆய்வகக் கணக்கு. சாலையில் அந்த அளவு செறிவு நெடுநேரம் நிற்காது. பனி கரையக் கரைய உப்புநீர் நீர்த்துப்போகும். அதனால் சாலையின் வெப்பநிலை மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே கல்லுப்பின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதற்கும் கீழே போனால், போட்ட உப்பு போட்டபடி கிடக்க, பனியும் அப்படியே கிடக்கும்.

காய்ந்த உப்புக் கட்டிகளை அப்படியே வீசினால் கணிசமான பங்கு துள்ளித் துள்ளிச் சாலை ஓரத்துக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் லாரியின் பின்பக்கத்திலேயே உப்புநீர் தெளித்து, நனைத்து வீசுகிறார்கள். நனைந்த உப்பு சாலையில் ஒட்டும், உடனே கரையவும் தொடங்கும். பனி விழுவதற்கு முன்பே விடும் அந்த வெள்ளைக் கோடுகளுக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு: பனி தாரோடு இறுகப் பிடித்துக்கொள்ளாமல் இடையில் ஓர் உப்புப் படலம் நிற்கும், பிறகு பனிவாரும் வண்டி சுலபமாக வழித்துப்போகும். பிடித்துக்கொண்ட ஐஸை உடைக்கத் தேவைப்படும் உப்பைவிட முன்கூட்டியே தடுக்கத் தேவைப்படும் உப்பு மிகவும் குறைவு. நகரங்கள் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சாலைக்கும் நல்லது, பக்கத்து ஏரிக்கும் நல்லது.

குளிர் இன்னும் கடுமையான ஊர்களில் கால்சியம் குளோரைடு அல்லது மெக்னீசியம் குளோரைடு வரும். பெரும்பாலும் திரவமாகத் தெளிப்பார்கள், அல்லது கல்லுப்பின் மேல் பூசி வீசுவார்கள். கால்சியம் குளோரைடு கரையும்போதே வெப்பத்தை வெளிவிடும்; மைனஸ் 25-ஐத் தாண்டியும் வேலை செய்யும். சில ஊர்களில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் ஆலையில் மிஞ்சும் சாற்றையும் உப்புநீரில் கலக்கிறார்கள். பழுப்பு நிறத்தில் ஒட்டும் பதத்தில் இருக்கும்.

கார் வைத்திருப்பவர் இந்த இரண்டு குளோரைடுகளைப் பற்றி ஒன்றை மறக்கக் கூடாது: இவை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாதாரண உப்பு ஈரமாக வேண்டுமென்றால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்கு ஏற வேண்டும். இவற்றுக்கு 30 முதல் 35 சதவீதமே போதும். வெயில் அடித்து ஊரே காய்ந்த நாளிலும் சாலை மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கினால், போட்டிருப்பது இதுதான். உங்கள் காரின் அடியிலும் அதே ஈரம் காயாமல் இருக்கும்.

கனடாவின் எட்மன்டன் நகரம் கால்சியம் குளோரைடு நீரைச் சில குளிர்காலங்கள் சோதித்துப் பார்த்துவிட்டு 2019-ல் கைவிட்டது. காரும் கான்கிரீட்டும் அரிக்கின்றன என்று ஊர்மக்கள் கேள்வி எழுப்பினார்கள். நகரமன்றம் வாக்கெடுத்து நிறுத்தியது. உங்கள் ஊரிலும் இப்படிப் பேச்சு வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். வரி கட்டுவதும் நீங்கள்தான், கார் வைத்திருப்பதும் நீங்கள்தான்.

அப்புறம் மணலும் பொடிக்கல்லும். இவை எதையும் கரைக்காது. டயருக்குப் பிடிமானம் கொடுக்கும், அவ்வளவுதான். உப்பு வேலை செய்யாத கடுங்குளிரிலும், உப்பைத் தவிர்க்க நினைக்கும் இடங்களிலும் இதைப் போடுகிறார்கள். பின்லாந்து, சுவீடன் நகரங்களில் நடைபாதைகளிலும் சிறு தெருக்களிலும் உடைத்த கல்துகள்தான் கிடக்கும். வசந்தத்தில் கூட்டி அள்ளுவார்கள். ஜெர்மனியின் பல நகரங்களில் வீட்டுக்காரர்கள் தங்கள் நடைபாதையில் உப்புத் தூவ அனுமதியே இல்லை. கல்துகளால் கார் துருப்பிடிக்காது. ஆனால் முன்னால் போகும் வண்டியின் டயர் அதைத் தூக்கி அடிக்கும்போது கண்ணாடியில் நட்சத்திரம் போலக் கீறல் விழும், பெயின்ட் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். அந்தத் தெறிப்பில் பிறகு உப்புநீர் ஏறும்.

எதுவுமே போடாமல் சமாளிக்கும் இடங்களும் உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகர மையத்தில், வீடுகளைச் சூடாக்கிவிட்டு வெளியேறும் வெந்நீரைத் தெருவுக்கு அடியில் குழாயில் ஓடவிட்டுப் பனியைக் கரைக்கிறார்கள். ஜப்பானின் நகாவோகாவில் சாலை நடுவே பதித்த துளைகளிலிருந்து நிலத்தடி நீர் பீறிட்டு வந்து பனியைக் கரைத்து ஓடும். இப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் உங்களுக்குப் பாதிக் கவலை இல்லை.

2. கிளம்பும் முன் சாலையைக் கணியுங்கள்

கைபேசி காட்டுவது காற்றின் வெப்பநிலை. உங்களுக்குத் தேவையானது சாலையின் வெப்பநிலை. தெளிந்த வானமுள்ள இரவில் தார் தன் வெப்பத்தை வேகமாக இழந்துவிடும். காற்று 2 டிகிரி இருக்கும்போதே சாலை உறைந்துவிடக்கூடும். பாலங்கள் இன்னும் மோசம். மேலும் கீழும் காற்றுப் படுவதால் மற்ற இடம் ஈரமாக இருக்கும்போதே பாலத்தின் மேல் ஐஸ் பிடித்துவிடும்.

உள்ளபடியே ஆபத்தான நேரம், பகலில் கரைந்த பனி இரவில் மறுபடி உறையும் நேரம்தான். காலையில் போட்ட உப்பு பகல் முழுக்கக் கரைந்து நீர்த்து, ஓரமாக வழிந்து போயிருக்கும். மாலையில் வெப்பநிலை இறங்கும்போது உப்புக் குறைந்த அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸாக மாறும். தாரின் கருப்பு அதன் வழியாகத் தெரிவதால் இதைக் கருப்பு ஐஸ் என்பார்கள். ஓடும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முன்னால் போகும் வண்டியின் டயரைப் பாருங்கள். சாலை ஈரமாகத் தெரிகிறது, டயரிலிருந்து நீர் தெறிக்கிறது என்றால் அது தண்ணீர். சாலை அதே மாதிரி ஈரமாகத் தெரிகிறது, ஆனால் தெறிப்பு மட்டும் நின்றுவிட்டது என்றால் அது ஐஸ். உடனே ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். பிரேக்கை அழுத்த வேண்டாம், ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டாம். ஐஸில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் பத்து மடங்கு வரை கூடலாம் என்று பிரிட்டனின் சாலை விதிகள் எச்சரிக்கின்றன. இடைவெளியை அதற்கேற்ப விடுங்கள்.

நகரம் எல்லாத் தெருவையும் ஒரே நேரத்தில் கவனிப்பதில்லை. முதலில் பிரதான சாலைகள், பேருந்துத் தடங்கள், மருத்துவமனைக்குப் போகும் வழிகள், செங்குத்தான ஏற்றங்கள். குடியிருப்புத் தெருக்கள் கடைசி. பல நகரங்களில் குறிப்பிட்ட அளவு பனி சேர்ந்தால்தான் அங்கே வண்டியே வரும். அதனால் பயணத்தில் மிகவும் வழுக்கலான பகுதி பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலை வரைக்கும் உள்ள அந்தச் சிறிய தூரம்தான். நெடுஞ்சாலையை நினைத்துப் பயந்துகொண்டே சொந்தத் தெருவில் அசட்டையாகக் கிளம்புகிறவர்கள் நிறைய. பனிவாரும் வரிசைப் பட்டியலை நகராட்சிகள் இணையத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் தெரு எந்த வரிசையில் வருகிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். பனி நாட்களில் எந்தப் பக்கம் கார் நிறுத்தக் கூடாது என்ற அறிவிப்பும் அதே இடத்தில் வரும். கவனிக்காமல் நிறுத்தினால் அபராதம் விழும், இழுத்துக்கொண்டும் போய்விடுவார்கள்.

3. உப்பு லாரிக்குப் பின்னால் பொறுமையாக இருங்கள்

பனிவாரும் வண்டியும் உப்பு லாரியும் மெதுவாகத்தான் போகும். முந்தாதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் சாலை இன்னும் சுத்தம் செய்யப்படாதது; பனிப்புழுதி கிளம்பி ஒன்றும் தெரியாது; பனிவாரும் தகடு வண்டியைவிட அகலமாகப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் போனால், ஊரிலேயே பாதுகாப்பான சாலை உங்களுக்குத்தான். இடைவெளி இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும்: லாரியின் பின்னால் உப்பை வீசும் சுழல்தட்டிலிருந்து பறந்து வரும் உப்புக் கட்டிகள் நேராக உங்கள் கண்ணாடியிலும் பானட்டிலும் அடிக்கும்.

4. உப்பு காரில் எங்கே உட்காருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

துரு என்பது இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து நடத்தும் மின்வேதி வினை. உப்பு அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை. தண்ணீரை நல்ல மின்கடத்தியாக்கி வினையை வேகப்படுத்துகிறது. இதிலிருந்து பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் கிடைக்கிறது: மைனஸ் 20-ல் உறைந்து கிடக்கும் உப்பு காரை அதிகம் அரிக்காது. வினை நடக்க ஈரமும் ஓரளவு வெப்பமும் வேண்டும். பொதுவாக 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆக, சேதம் அதிகம் நடப்பது கடுங்குளிர் நாட்களில் அல்ல. வெப்பநிலை 0-க்கு மேலே ஏறி, சாலையெல்லாம் உப்புச்சேறாக இருக்கும் நாட்களிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும்தான்.

அதனால்தான் சூடான மூடிய கேரேஜ் காருக்குச் சொர்க்கம் இல்லை. அடியில் அப்பியிருக்கும் உப்புப்பனி இரவெல்லாம் உருகி, இதமான வெப்பத்தில் ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கும். காரைக் கழுவிவிட்டு உள்ளே விடுவதானால் சரி. கழுவாமல் நாள்தோறும் சூடான கேரேஜில் விடுவதைவிடச் சூடாக்காத கேரேஜோ, வெளியில் நிறுத்துவதோ மேல்.

இப்போதுள்ள கார்களின் வெளித்தகடு துத்தநாகப் பூச்சோடு வருகிறது. கதவும் பானட்டும் சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆபத்து அடியில் இருக்கிறது. பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலைவிட மெல்லிய, சுமார் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். காரின் முன்பக்கத்திலிருந்து பின்சக்கரம் வரை அடித்தளத்தை ஒட்டியே ஓடும். அங்கங்கே பிளாஸ்டிக் கிளிப் போட்டுப் பிடித்திருப்பார்கள். உப்புச்சேறு அந்தக் கிளிப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். குழாயின் மற்ற பகுதி பளிச்சென்று இருக்கும்போதே கிளிப்புக்குள் மட்டும் செதில் செதிலாகத் துரு கிளம்பும். ஒரு நாள் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது அந்த இடம் பொத்துக்கொள்ளும். கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றாக இருப்பதால் முழுவதும் போய்விடாது. ஆனால் பெடல் சொதசொதவென்று கீழே இறங்கும், வண்டி நிற்க வெகுதூரம் எடுக்கும். அப்படி ஆனால் ஒரு அடிகூட ஓட்ட வேண்டாம். நிறுத்தி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். மாற்றும்போது செம்பு நிக்கல் கலவைக் குழாய் கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அது உப்புக்கு அசராது.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப்பகுதி, சக்கர வளைவின் உள்விளிம்பு, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், சைலன்சர், எரிபொருள் குழாய், மின்கம்பி இணைப்புகள் எல்லாம் இதே பட்டியலில் வரும். கதவடிப் பெட்டி உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும்; வெளியே பெயின்ட் கொப்பளமாக எழும்பும்போது உள்ளே பாதி போயிருக்கும். அதில் நீர் வடிய அடிப்பக்கத்தில் சிறு துளைகள் இருக்கின்றன. சேறு அடைத்தால் உப்புநீர் உள்ளேயே தேங்கும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் தட்டு அதிகம் உரசாது. உப்பு ஈரம் அதன் மேல் அப்படியே உட்கார்ந்து துருவாகும். பின்னால் யாரும் இல்லாத இடத்தில் அவ்வப்போது பிரேக்கை நன்றாக அழுத்தி ஓட்டுங்கள். மோட்டார் வழியாக நிறுத்தும் வசதியைக் குறைத்து வைக்க அமைப்பு இருந்தால் சில கிலோமீட்டர் அப்படி ஓட்டலாம்.

5. பனி வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

இலையுதிர்காலத்தில் வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

குளிர்கால டயர் முதல் வேலை. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். குளிர்கால டயரின் ரப்பர் மிருதுவாகவே இருக்கும். பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஜெர்மனியில் தேதி கிடையாது, சாலை பனியாக இருந்தால் கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து அந்த மலைச் சின்னம் உள்ள டயர்தான் செல்லும். முடிந்தால் குளிர்கால டயரைத் தனி ரிம்மில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய ரிம்மின் மேல்பூச்சில் கீறல் இருந்தால் உப்பு அதற்குள் புழுப்போல நெளிந்து பூச்சைத் தூக்கிவிடும். குளிருக்கு எளிய எஃகு ரிம் போதும்.

அடுத்தது துருக்காப்பு. மூன்று வகை விற்பார்கள். முதலாவது, எண்ணெய் அல்லது மெழுகு கலந்த திரவத்தை அடியிலும் கதவு உள்பெட்டிகளிலும் பீய்ச்சுவது. இடுக்குகளில் தானாக ஊர்ந்து போகும், ஏற்கெனவே லேசாகத் துரு இருந்தாலும் அதை ஈரத்திலிருந்து பிரித்து வைக்கும். வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும், இரண்டொரு நாள் சொட்டும். இரண்டாவது, தார் போன்ற தடித்த கருப்புப் பூச்சு. புத்தம்புதுக் காரில் ஒழுங்காகப் போட்டால் பரவாயில்லை. துரு பிடித்த இடத்தின் மேல் போட்டாலோ, பூச்சு எங்காவது விரிசல் விட்டாலோ, ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் அரிக்கும். மூன்றாவது, பேட்டரியில் மாட்டும் மின்னணுப் பெட்டி; தகட்டில் மெல்லிய மின்சாரம் செலுத்தித் துருவைத் தடுக்கும் என்று சொல்லி விற்பார்கள். நான் அதற்குப் பணம் கொடுக்க மாட்டேன். கப்பலில் இந்த உத்தி வேலை செய்யக் காரணம் கப்பல் முழுக்கக் கடல்நீரில் மூழ்கியிருப்பதுதான். காற்றில் ஓடும் காருக்கு அந்தச் சூழல் இல்லை.

என் தேர்வு முதல் வகைதான். காய்ந்த, சுத்தமான அடிப்பாகத்தில் போடச் சொல்லுங்கள். முந்தின நாளே அடியைக் கழுவிக் காயவிட்டுக் கொண்டுபோங்கள். வடிதுளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கார் தயாரிப்பாளர் கொடுக்கும் துரு உத்தரவாதம் இருக்கிறதே என்று நினைத்தால், அதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் உடல்தகட்டில் உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால்தான் அது செல்லும். மேல்துரு, பிரேக் குழாய், சைலன்சர் அதில் சேராது.

பெயின்டில் பொட்டுப் பொட்டாகத் தெறித்த இடங்களுக்கு அதே நிறத்தில் தொட்டுவைக்கும் பெயின்ட் கிடைக்கும், வாங்கித் தடவுங்கள். பிறகு ஒரு கோட் மெழுகு. கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தாலும் உடனே அடைத்துவிடுங்கள்; வெளியே கடுங்குளிர், உள்ளே ஹீட்டர் என்று இழுபடும்போது அது ஒரே நாளில் குறுக்கே ஓடிவிடும். பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் என்ற பாகம் சறுக்கும் பின்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், செய்யாவிட்டால் உப்பில் இறுகி ஒரு பக்க பிரேக் விடாமல் பிடிக்கும்.

கண்ணாடி கழுவும் திரவம் உங்கள் ஊர்க் குளிரைத் தாங்குவதாக இருக்கட்டும். உப்புச்சாலையில் ஒரு பெரிய லாரி கடந்து போனாலே கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். அப்போது திரவம் தீர்ந்திருந்தால் குருட்டு ஓட்டம்தான். வண்டியில் ஒரு கேன் எப்போதும் இருக்கட்டும்.

6. எப்போது, எப்படிக் கழுவுவது

வாராவாரம் என்று நாள் குறித்துக்கொண்டு கழுவ வேண்டியதில்லை. வானிலையைப் பார்த்துக் கழுவுங்கள். மைனஸ் 15-ல் நான்கு நாள் தொடர்ந்து கிடந்தால் விட்டுவிடுங்கள். உப்பு தூங்குகிறது, நீங்கள் கழுவினால் கதவுதான் உறைந்து ஒட்டும். வெப்பநிலை ஏறி 0-ஐத் தொடப்போகிறது என்றால், அதுதான் நேரம். பனிப்பொழிவு முடிந்து, சாலை காய்ந்து, அடுத்த இரண்டு மூன்று நாளைக்குப் புதிதாக உப்புப் போட வேலை இருக்காது என்று தெரிந்த நாளில் கழுவினால் முழுப் பயன் கிடைக்கும். சாலை இன்னும் உப்புச்சேறாக இருக்கும்போது கழுவினால் வீடு போய்ச் சேர்வதற்குள் பழையபடி ஆகிவிடும். பொதுவாகப் பார்த்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் வரும். உங்கள் ஊரில் கால்சியம் அல்லது மெக்னீசியம் குளோரைடு போடுகிறார்கள் என்றால் இன்னும் அடிக்கடி. அது தானாகக் காய்ந்து உதிராது.

கழுவுமிடத்தில் மேலே பளபளப்பாக்கும் விலை உயர்ந்த திட்டங்களைவிட, அடிப்பாகம் கழுவும் வசதிதான் முக்கியம். அது இல்லாத குளிர்காலக் கழுவல் பாதி வேலைதான். சில இடங்களில் ஓடிய தண்ணீரையே வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துவார்கள்; அதில் வேறு கார்களின் உப்பு இருக்கும். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். சுழலும் தூரிகை வைத்த இடத்தில், மணல் ஒட்டிய காரை அப்படியே விட்டால் பெயின்ட் முழுக்க வட்டக் கீறல் விழும். தூரிகை இல்லாமல் நீரழுத்தத்தில் கழுவும் இடமோ, நீங்களே குழாயைப் பிடித்துக் கழுவும் இடமோ நல்லது.

நீங்களே கழுவினால் இந்த வரிசையில் போங்கள். முதலில் சக்கர வளைவின் உள்பக்கம்; மேல்விளிம்பு மடிந்திருக்கும் இடத்தில்தான் சேறு கெட்டியாக இருக்கும், நீரைக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சுங்கள். பிறகு கதவடிப் பெட்டியும் அதன் வடிதுளைகளும். பிறகு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை அடி முழுதும், அவசரமில்லாமல். வெளியே வழியும் தண்ணீர் தெளிவாகும் வரை நிறுத்த வேண்டாம். உடல்தகட்டைக் கடைசியில் கழுவினால் போதும். எஞ்சின் அறைக்குள்ளும், மின்சாரக் காரின் உயரழுத்த ஆரஞ்சுக் கம்பிகளின் மேலும் அழுத்த நீரைப் பாய்ச்சாதீர்கள்.

முடிந்ததும் கதவு ரப்பர்களைத் துணியால் துடைத்து, சிலிக்கோன் தடவுங்கள். அப்போதுதான் காலையில் கதவு திறக்கும். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக நாலைந்து முறை அழுத்தி ஓட்டித் தட்டைக் காயவையுங்கள். அன்று இரவு உறைபனி என்றால், சமதளத்தில் நிறுத்தி, கியரில் வைத்துவிட்டு, கைபிரேக்கைத் தவிர்ப்பது நல்லது. ஈரத்தோடு இறுக்கினால் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும்.

விளக்கையும், ஓட்டுநருக்கு உதவும் கேமரா, ரேடார் இருக்கும் இடங்களையும் கழுவாத நாட்களிலும் துடையுங்கள். எல்இடி விளக்கு பழைய விளக்குபோலச் சூடாகாது. அதன் மேல் உறையும் உப்புப்பனி தானாக உருகி விழாது. உப்புப்படலம் மூடிய கேமரா, முன்னால் இருக்கும் வண்டியைக் கவனிக்கும் வேலையை நிறுத்திவிடும்.

வீட்டு வாசலில் கழுவலாமா என்று ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெரு வடிகால் நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போகும் பல ஊர்களில் அதற்குத் தடை உண்டு. குளோரைடு நீரில் கலந்துவிட்டால் எந்த நுண்ணுயிரும் அதைச் சிதைப்பதில்லை. மீனும் நத்தையும் தவளையும் வாழும் தண்ணீர் அது.

7. உள்ளேயும் உப்பு வரும்

காலணியில் ஒட்டி வரும் பனி, மிதியடியில் உருகிக் கம்பளத்துக்குள் இறங்கும். பல கார்களில் கம்பளத்துக்கு அடியில் மின்கம்பிகளும் இணைப்புகளும் ஓடுகின்றன. விளிம்பு உயர்ந்த ரப்பர்த் தட்டு வாங்கிப் போடுங்கள், தேங்கிய நீரை வாரம் ஒருமுறை வெளியே கொட்டுங்கள். வெள்ளைக் கறைக்கு வெதுவெதுப்பான நீரும் வினிகரும் சம அளவு கலந்து துடைத்தால் போகும்.

8. வசந்தத்திலும், பழைய கார் வாங்கும்போதும்

கடைசிப் பனி போய், ஒன்றிரண்டு நல்ல மழை சாலையை அலசிய பிறகு, குளிர்காலத்தின் மிக முக்கியமான கழுவலைச் செய்யுங்கள். கழுவ அனுமதியுள்ள இடமானால், புல்வெளிக்கு நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைக் காருக்கு அடியில் வைத்து, காரை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அரைமணி நேரம் ஓடவிடலாம். மெல்ல நனைந்து ஊறினால்தான் இடுக்கில் கெட்டியான உப்பு கரையும். காய்ந்ததும் டயர் மாற்றப் போவீர்கள். கார் மேலே தூக்கியிருக்கும்போது நீங்களும் அடியில் நின்று பாருங்கள். மெக்கானிக்கிடம் பிரேக் குழாய் கிளிப்புகளையும் சட்டத்தின் இணைப்புகளையும் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

உப்பு ஊரில் ஓடிய பழைய கார் வாங்குவதானால், இதையே வாங்கும் முன் செய்யுங்கள். மேலே பெயின்ட் பளபளப்பதையும் கிலோமீட்டர் குறைவாக இருப்பதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஈரமும் துருவும் அங்கே ஒளிந்திருக்கும். ஜாக்கி வைக்கும் இடத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொதபொதவென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. அடியில் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால், ஏன் இப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். கழற்றக்கூடிய பிளாஸ்டிக் மூடிகள் இருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மேலோட்டமான செம்பழுப்புத் துரு, சைலன்சரிலும் பிரேக் தட்டிலும் இருப்பது, உப்பு ஊரில் எல்லாக் காருக்கும் வரும். அதற்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம். அடுக்கடுக்காக உரியும் துரு வேறு; விரலால் அழுத்தினால் உதிரும் சட்டம் வேறு. சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பொருத்தியிருக்கும் இடங்களைச் சுற்றி அப்படி இருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையில் இப்படிப்பட்ட பொருத்துமிடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உடல்தகடு பலமிழக்கும் அளவுக்குத் துரு இருந்தாலே வண்டி தோல்வி. வேறு நாட்டில் வாங்கினாலும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த 30 சென்டிமீட்டரை நீங்களே அளந்து பார்க்கலாம்.